நார்ட்டன், வாட்டர்லோ, பிரேடன்: படுக்கைப்புண் ஆய்வுக்கு நான் எடுத்த அளவுகோல்

ஒரே நோயாளி. காலை ஷிப்டில் இருந்த செவிலியர் நார்ட்டன் அளவுகோலில் 15 போட்டிருந்தார். இரவு ஷிப்டில் வந்தவர் 12 போட்டிருந்தார். இடையில் அந்த நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை, புதிதாக ஒரு மருந்துகூடத் தொடங்கவில்லை. நார்ட்டனில் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் படுக்கைப்புண் அபாயம் உள்ளவர் என்று கணக்கு. ஆகவே பகலெல்லாம் பத்திரமாக இருந்தவர், பொழுது சாய்ந்ததும் அபாயப் பட்டியலுக்குப் போய்விட்டார்.

முன்னோட்ட ஆய்வின் முதல் வாரத்திலேயே இது நடந்தது நல்லதாயிற்று. மதிப்பெண்ணைப் பார்த்து நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேர அட்டவணையை அமைத்தால் புண்கள் குறைகின்றனவா என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. மதிப்பெண்ணே ஆளுக்கு ஆள் மாறினால் அதன்மேல் எதைக் கட்டுவது? சிறியது, எளியது என்பதற்காக முதலில் நார்ட்டனைத்தான் எடுத்திருந்தேன். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று அளவுகோல்களையும் மேசையில் பரப்பி மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். கடைசியில் பிரேடனுக்கு வந்தேன். நான் அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பொதுவானவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். மூன்றும் ஒரு தாளில் அடங்குபவை. கருவி எதுவும் வேண்டாம். பழகிவிட்டால் சில நிமிட வேலை. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக்கூடாது: நார்ட்டனிலும் பிரேடனிலும் எண் குறையக் குறைய அபாயம் கூடும், வாட்டர்லோவில் எண் கூடக் கூட அபாயம் கூடும். ஒன்றில் பழகியவரை இன்னொன்றுக்கு மாற்றும்போது, முதல் சில நாள்களுக்கு அவர் மனம் தலைகீழாகத்தான் படிக்கும்.

நார்ட்டன் இந்தக் குடும்பத்தின் பாட்டி. டோரீன் நார்ட்டனும் உடனிருந்தவர்களும் மருத்துவமனையில் இருந்த முதியவர்களைப் பற்றி நடத்திய ஆய்விலிருந்து 1962இல் வெளிவந்தது. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத் திறன், கழிவுக் கட்டுப்பாடு என ஐந்து அம்சங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4; மொத்தம் 5 முதல் 20. படுக்கைப்புண்ணை எண்ணால் முன்கூட்டிக் கணிக்கலாம் என்று காட்டியதே பெரிய காரியம். ஆனால் தாளைப் பார்த்தால் உடல்நிலைக்கு நேராக நான்கே சொற்கள்: நன்று, சுமார், மோசம், மிக மோசம். எது சுமார், எது மோசம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவருக்கு எங்கள் வார்டில் எல்லோருமே நன்றாகத்தான் தெரிந்தார்கள். நேற்று படிப்பை முடித்துவிட்டு வந்தவருக்கு எல்லோருமே மோசம். அந்த 15க்கும் 12க்கும் இடையிலிருந்த மூன்று மதிப்பெண்ணில் இரண்டு இந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. தவிர, உணவைப் பற்றி நார்ட்டனில் தனி வரியே கிடையாது.

வாட்டர்லோ வேறு சுபாவம். மாணவச் செவிலியர்களுக்கு வார்டில் பாடம் சொல்லிக்கொடுத்த ஜூடி வாட்டர்லோ 1985இல் உருவாக்கியது. ஒன்றையும் விடக்கூடாது என்ற ஆசிரியரின் அக்கறை அதில் தெரியும். உடல் எடை, தோலின் நிலை, பாலினம், வயது, கழிவுக் கட்டுப்பாடு, உணவு, புகைப்பழக்கம், உறுப்புச் செயலிழப்பு, நரம்புக் குறைபாடு, அறுவை மேசையில் கிடந்த நேரம் எல்லாம் உண்டு. அறுவை சிகிச்சை வார்டில் இருப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் புரிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் அசையாமல் கிடந்தவருக்கு 5 மதிப்பெண் சேரும். பிரேடனில் அதற்கு இடமில்லை.

குறை எங்கே என்றால், அது யாரையும் விடுவதில்லை. 81 வயதைக் கடந்த ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் என்பதற்கு 2, வயதுக்கு 5. ஆக, வார்டுக்குள் நுழையும்போதே 7. ஒல்லியான உடல் என்றால் இன்னும் 3. மொத்தம் 10, அதாவது அபாயம் தொடங்கும் எல்லை. அவர் தானே எழுந்து நடக்கிறார், தானே குளிக்கிறார் என்பதெல்லாம் இந்தப் பத்தைக் குறைக்காது. பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான ஒரு முறைசார் மறுஆய்வில் இதை எண்ணாகவே பார்க்கலாம். பின்னர் புண் வந்தவர்களில் சுமார் 82 சதவீதம் பேரை வாட்டர்லோ முன்பே அபாயப் பட்டியலில் சேர்த்திருந்தது. புண் வராதவர்களில் அபாயம் இல்லை என்று சரியாகச் சொன்னதோ சுமார் 27 சதவீதம் பேரைத்தான். காற்று மெத்தை போதுமான அளவில் இருந்து, ஆளும் இருந்தால் இது குறையில்லை. எங்கள் வார்டில் இரண்டும் இல்லை. எல்லாக் கட்டிலிலும் மணி அடித்தால் எந்தக் கட்டிலுக்கு ஓடுவது?

இனி பிரேடன். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் உருவாக்கி 1987இல் வெளியிட்டது. வலியை உணரும் திறன், ஈரம், நடமாட்டம், அசைவுத் திறன், உணவு, உராய்வும் சரிவும் என ஆறு அம்சங்கள். முதல் ஐந்துக்கு 1 முதல் 4, கடைசிக்கு 1 முதல் 3. மொத்தம் 6 முதல் 23. அபாய எல்லை முதலில் 16 ஆக இருந்தது. இன்று பொதுவாக 18. அதே 2006 மறுஆய்வில், வாட்டர்லோவுக்குச் சொன்ன அதே வரிசையில், இதற்குக் கிடைத்தவை சுமார் 57, 67 சதவீதம். நார்ட்டனுக்கு 47, 62. மூன்றில் சமநிலை மிகுந்தது பிரேடன்தான் என்பது அந்த மறுஆய்வின் முடிவு. இருந்தாலும் 57 என்பது மார்தட்டிக்கொள்ளும் எண் அல்ல. இந்த எண்ணுக்காக மட்டும் நான் பிரேடனை எடுத்திருக்கமாட்டேன்.

எடுத்ததற்குக் காரணம், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழே எழுதப்பட்டிருக்கும் வாக்கியம். ஈரம் என்ற அம்சத்தில் 2 என்றால் ஷிப்டுக்கு ஒரு முறையாவது படுக்கை விரிப்பை மாற்ற வேண்டியிருக்கிறது என்று பொருள். 3 என்றால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு விரிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. இதைப் போட அபிப்பிராயம் தேவையில்லை. விரிப்பை எண்ணத் தெரிந்தால் போதும். உணவும் அப்படித்தான். கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உண்பது அரிது என்றால் 1. பொதுவாகப் பாதிதான் உள்ளே போகிறது என்றால் 2. பெரும்பாலான வேளைகளில் பாதிக்கு மேல் உண்டால் 3. தட்டைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் போடுவார்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் கணிப்புத் திறனைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதைத் தொடர்ந்து பராமரிக்க எவ்வளவு உழைப்பு பிடிக்கும் என்று கேட்பவர் குறைவு. வார்டு ஒரே ஆள்களோடு நிற்பதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள், மாணவர்கள் வந்துபோவார்கள், மகப்பேறு விடுப்பில் ஒருவர் போனால் வேறு பிரிவிலிருந்து ஒருவர் வருவார். ஒவ்வொரு முறையும் அளவுகோலைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். நார்ட்டனைக் கற்றுக்கொடுத்தபோது, எனக்கு எது மோசமாகப் படுகிறதோ அதை இன்னொருவர் மண்டைக்குள் ஏற்ற முயன்றுகொண்டிருந்தேன். நான் விடுப்பில் போனால் அந்த அளவுகோலும் என்னோடு விடுப்பில் போய்விடும். பிரேடனில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: எண்ணை நினைவிலிருந்து போடாதீர்கள், வாக்கியத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இதைச் சோதிக்க, இரண்டு செவிலியர்கள் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் ஒரே நோயாளிக்கு மதிப்பெண் போடுவதை வாரந்தோறும் வைத்துக்கொண்டோம். தற்செயலான ஒற்றுமையைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்லும் கப்பா கணக்கைப் போடலாம், போட்டோம். ஆனால் மொத்த மதிப்பெண்ணுக்கு மட்டும் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் ஈரத்துக்கு 2, அசைவுக்கு 3 போடுகிறார். மற்றவர் ஈரத்துக்கு 3, அசைவுக்கு 2. கூட்டினால் இருவருக்கும் ஒரே எண், ஒற்றுமை பிரமாதம். ஆனால் முதல் தாளின்படி அந்த நோயாளிக்கு வேண்டியது தோலை உலர்வாக வைப்பது. இரண்டாம் தாளின்படி அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பது. பராமரிப்பே மாறிவிடுகிறது. அதனால் அம்சம் அம்சமாகத்தான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தபோது பிரேடனிலும் சண்டை தீர்ந்துவிடவில்லை. வலியை உணரும் திறனில் எங்கள் ஆள்கள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. உணவு வரியும், நோயாளி வார்டில் சேர்க்கப்பட்ட முதல் நாளில், வெறும் ஊகம்தான். அவர் தட்டை அதுவரை யார் பார்த்திருக்கிறார்கள்?

உராய்வும் சரிவும் என்ற ஆறாவது அம்சத்துக்காகவும் பிரேடன்மேல் எனக்கு ஒரு சாய்வு உண்டு. தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி வைக்கிறோம். நோயாளி மெல்லக் கீழே நழுவுகிறார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் நகர்கிறது. இடையிலிருக்கும் இரத்தக் குழாய்கள் நெளிந்து அடைபடுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. நார்ட்டனில் இதைக் குறிக்க ஓர் இடமே இல்லை. இந்த வரி தாளில் இருப்பதாலேயே, நோயாளியை இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்தும் பழக்கம் எங்கள் மாணவர்களிடம் ஓரளவு ஊன்றியது.

மூன்று அளவுகோலுக்கும் பொதுவான ஒரு சிக்கலைச் சொல்லாமல் மேலே சொன்ன சதவீதங்களை நம்பச் சொல்வது நியாயமில்லை. அளவுகோல் ஒருவரை அபாயத்தில் இருப்பவர் என்கிறது. நாம் சும்மா இருப்பதில்லை. திருப்புகிறோம், மெத்தையை மாற்றுகிறோம், குதிகாலைத் தூக்கி வைக்கிறோம். புண் வரவில்லை. ஆய்வுக் கணக்கில் இது அளவுகோலின் பிழையாகப் பதிவாகிறது: வரும் என்றது, வரவில்லை. பராமரிப்பு நன்றாக இருக்கும் வார்டில் எந்த அளவுகோலும் மோசமாகத்தான் தெரியும். அதற்காகப் பராமரிப்பை நிறுத்திவைத்து அளவுகோலைச் சோதிக்கவும் முடியாது. ஆகவே ஒரு கட்டுரையில் சதவீதம் குறைவு என்று மட்டும் பார்த்து ஓர் அளவுகோலைத் தள்ளிவிடாதீர்கள். அந்த வார்டில் மதிப்பெண் வந்தபிறகு என்ன செய்தார்கள் என்பதையும் படியுங்கள்.

அளவுகோலே தேவையில்லை என்று வாதிடுபவர்களிடமும் சரக்கு இருக்கிறது. 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 1,200க்கும் மேற்பட்ட நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வாட்டர்லோ, இன்னொன்றுக்கு ராம்ஸ்டேடியஸ் என்ற வேறொரு கருவி, மூன்றாவதற்குச் செவிலியரின் சொந்தக் கணிப்பு மட்டும். புண் வந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவச் சான்றுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் புதுப்பித்த மறுஆய்வும், அளவுகோலால் புண்கள் குறைகின்றன என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றே நின்றது. எனக்கு இதில் முழு மறுப்பு இல்லை. பத்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் தாள் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருப்பவர் எப்போதும் அவராக இருப்பதில்லையே. மாநிறத்தவர், கருநிறத்தவர் தோலில் தொடக்கச் சிவப்பு கண்ணுக்கு எளிதில் அகப்படாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றைத் தொட்டும் கேட்டும்தான் அறிய வேண்டும். இது மூன்று தாள்களிலும் இல்லை. தோலைப் பார்ப்பது தனி வேலை. மதிப்பெண் போட்டாகிவிட்டது என்று அதை விட்டுவிட முடியாது.

என் அனுபவம் பொது மருத்துவ வார்டு சார்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிரேடன் மதிப்பெண் தாழ்ந்தே இருப்பதால் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது என்கிறார்கள்; அங்கே கப்பின்-ஜாக்சன் என்ற வேறு அளவுகோலும் உண்டு. நான் அதைக் கையாண்டதில்லை. குழந்தைகளுக்குப் பிரேடன் கியூ என்று தனி வடிவம் இருக்கிறது. அதையும் நான் படித்திருக்கிறேனே தவிரப் பயன்படுத்தியதில்லை. அறுவை சிகிச்சை வார்டில் இருந்து ஆய்வு செய்பவர் என்னிடம் கேட்டால், வாட்டர்லோவை ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை யோசிக்கச் சொல்வேன்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. பிரேடனுக்குப் பதிப்புரிமை உண்டு. பயன்படுத்த அனுமதி கேளுங்கள். வாக்கியங்களை நீங்களே மொழிபெயர்த்து அப்படியே ஓட்டிவிடாதீர்கள். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட்டாக வேண்டும். இந்த அளவுகோலின் பலமே வாக்கியத்தில் இருக்கும்போது, வாக்கியம் பிசகினால் மறுபடியும் அந்த நார்ட்டன் நாள்களுக்குத்தான் போவீர்கள்.

நான் தேர்ந்தெடுத்ததும் என்னை ஒருமுறை ஏமாற்றியது. பிரேடனில் 20 வாங்கியிருந்த ஒருவருக்குக் காதின் பின்புறம் புண் வந்தது. ஆக்சிஜன் குழாய் அங்கே அழுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் முதுகையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். குழாய், முகக்கவசம், கட்டு ஆகியவற்றால் வரும் புண்ணைப் பிரேடனின் எந்த அம்சமும் கேட்பதில்லை. இப்போது எங்கள் தாளின் அடியில், ஆறு அம்சங்களுக்கும் வெளியே, கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறது: குழாயை நகர்த்திப் பார்த்தாயிற்றா? அதற்கு மதிப்பெண் கிடையாது. மொத்தத்திலும் அது சேராது. ஆம் அல்லது இல்லை, பக்கத்தில் பார்த்த நேரம், அவ்வளவுதான்.