சயாமில் மனைவி இருக்க ‘ரிட்டையர்மென்ட்’ விசா விற்கிறார்கள், உஷார்

பினாங்கு, கெடா பக்கம் வேலை முடிந்து, சேமநிதிப் பணத்தோடு சயாமில் (தாய்லாந்தில்) மனைவியின் ஊரான ஹட்யாய் பக்கம் போய் உட்காரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அங்கே நம்ம தமிழ் பேசிக்கொண்டு ஒரு விசா ஏஜெண்ட் சுற்றுகிறான், நானும் அவனிடம் ஏமாந்தவன்தான். பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கு வேறு பெயரில் வருவான். அவன் எப்படிப் பேசுவான் என்பது தெரிந்தால் போதும், ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

“அண்ணே, நீங்க ஐம்பது தாண்டிட்டீங்க, ரிட்டையர்மென்ட்ல போட்டுரலாம்லா. மேரேஜ் விசாவெல்லாம் தலைவலி. போலீஸ் வீட்டுக்கு வரும், பக்கத்து வீட்ல விசாரிக்கும், அண்ணிக்கு அசிங்கம்.” இதுதான் அவனுடைய முதல் பாட்டு.

அடுத்து, நாங்கள் கல்யாணத்தை மலேசியாவில் தேசியப் பதிவிலாகாவில் பதிந்தவர்கள் என்று தெரிந்ததும், “அது சயாம்ல செல்லாது அண்ணே” என்றான். இது சுத்தப் பொய். மலேசியச் சான்றிதழைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அங்கத்திய வெளியுறவு அமைச்சின் சான்று வாங்கி, மனைவியின் அம்பேயில் (மாவட்ட அலுவலகத்தில்) கொடுத்தால் குடும்ப நிலைப் பதிவு செய்து ‘கோர் ரோர் 22’ என்ற தாளைத் தருவார்கள். அந்தத் தாள் இருந்தால் கல்யாணம் சயாம் கணக்கிலும் கல்யாணம்தான். அங்கேயே பதிந்தவர்களுக்கு கோர் ரோர் 2, 3 என்று வேறு தாள்கள்.

ஏன் இந்தப் பொய்? பணக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். மனைவி வழியில் ஒரு வருட நீட்டிப்புக்கு உங்கள் ஒருவர் பெயரிலுள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் 400,000 பாட், விண்ணப்பிக்கும் முன் 2 மாதம் இருக்க வேண்டும். அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஓய்வுக்கால வழியில் அது 800,000 பாட். முன்னால் 2 மாதம், பாஸ்போர்ட்டில் சாப் (முத்திரை) விழுந்த பிறகு இன்னும் 3 மாதம் அப்படியே கிடக்க வேண்டும், அதன் பிறகும் வருடம் முழுக்க 400,000-க்குக் கீழே இறங்கக் கூடாது. வருமானம் என்றால் மாதம் 65,000. என்னிடம் 400,000 என் பெயரில் தயாராக இருந்தது. அதாவது மனைவி வழியில் போக இந்த ஆள் எனக்குத் தேவையே இல்லை. 800,000 என்று சொன்னால்தான், “மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்” என்று அவன் நடுவில் நுழைய இடம் கிடைக்கும். மனைவி வழியில் அதிகாரி நிஜமாகவே வீட்டுக்கு வந்து பார்ப்பார். அதை ஏஜெண்ட்டால் ஜோடிக்க முடியாது, அதனால் விற்கவும் முடியாது.

விசாவுக்கும் முதல் நீட்டிப்புக்கும் சேர்த்து 45,000 பாட் கேட்டான். ‘மல்டிபிள் ரீ-என்ட்ரி’க்கு, அதாவது பல முறை வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதிக்கு, தனியாக 5,000. அரசாங்கக் கட்டணம் என்ன தெரியுமா? உள்ளூரிலேயே விசா மாற்ற 2,000, ஒரு வருட நீட்டிப்புக்கு 1,900, மல்டிபிள் ரீ-என்ட்ரிக்கு 3,800. கூட்டிப் பாருங்கள், 7,700 பாட்.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு, “அண்ணி வரவேண்டாம், நீங்க மட்டும் வாங்க” என்றான். மரியாதைக்குச் சொல்கிறான் போல இருந்தது. மேசையில் இருந்த தாள் எல்லாம் சயாம் எழுத்து. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருக்கிறாள், அவளைத்தான் வரவேண்டாம் என்றிருக்கிறான். அந்தக் கட்டுக்குள் ஒரு தாள் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டு. வேறு எந்த அறிகுறியை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: உங்கள் மனைவி கூட இருப்பதை விரும்பாத ஏஜெண்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டும் வங்கிப் புத்தகமும் வாரக்கணக்கில் அவனிடமே இருந்தன. திரும்பி வந்தபோது சாப் இருந்தது, ஆனால் நாங்கள் குடியிருக்கும் சொங்க்லா மாகாணத்தில் குத்தியது இல்லை. “அங்க எனக்கு ஆள் இருக்கு, வேகமா முடியும்” என்றான். வங்கிப் புத்தகத்தைப் பிறகு என் மனைவி வாசித்தாள். என் கணக்கில் யாரோ 400,000 போட்டு, ஒரு வாரம்கூட ஆகாமல் அதே தொகையை எடுத்திருக்கிறார்கள். முன்னால் 2 மாதம், பின்னால் 3 மாதம் கிடக்க வேண்டிய பணம் இது. அப்படியும் சாப் எப்படி விழுந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் எந்த அதிகாரியாவது 12 மாத வங்கி அறிக்கை கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வோம். அப்போது திரும்ப அவனிடமே போக வேண்டும், விலையும் அவன் வைத்ததுதான். வருடா வருடம் அறுவடை செய்ய ஒரு தோட்டம் மாதிரி நம்மைப் பிடித்து வைத்துக்கொள்கிறான்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது ரீ-என்ட்ரி. ஒரு வருட நீட்டிப்பு வைத்திருப்பவர் ரீ-என்ட்ரி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். சிங்கிள் 1,000 பாட், ஒரே முறைதான். நான் மல்டிபிளுக்குக் காசு கொடுத்தேன், அவன் எடுத்தது சிங்கிள். கெடாவில் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தபோதே அது தீர்ந்துபோயிருக்கிறது. 2024 தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். வெளியே போகும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி சயாம் எல்லையிலுள்ள சடாவ் சோதனைச் சாவடிக்கு வந்தால், அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு 60 நாள் சாப் குத்திக் கொடுத்தார். சுற்றுலாப் பயணி! முறுக்கு டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குச் சுற்றுலா வந்திருக்கிறேன்.

போன் அடித்தால், “டென்ஷன் ஆவாதீங்கண்ணே, இன்னும் 35,000 ஆவும், போன தடவை மாதிரியே முடிச்சிரலாம்” என்கிறான். சரி, வேண்டாம், பழைய காசையாவது கொடு என்றால் குரல் மாறுகிறது: “ஆபீஸ்ல போய்ச் சொன்னா மாட்டப் போறது நீங்கதான், புத்தகம் உங்க பேர்ல இருக்கு.” பிறகு இன்று நாளை என்று இழுத்தான். இந்த இழுத்தடிப்பு ஆபத்தானது. உள்ளூரில் விசா மாற்ற விண்ணப்பிக்கும்போது கையிலிருக்கும் அனுமதியில் குறைந்தது 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். நாள் கடந்து தங்கினால் தினம் 500 பாட் அபராதம், உச்சம் 20,000. அதோடு போனால் பரவாயில்லை. 90 நாளுக்கு மேல் தங்கிவிட்டுத் தானாக வெளியேறினாலும் ஒரு வருடம் நுழையத் தடை. பிடிபட்டால் குறைந்தது 5 வருடம். மனைவி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

அதற்கு இடம் கொடுக்காமல் என் மனைவியே நேராகக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அம்பேயில் வாங்கிய கோர் ரோர் 22, அவள் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம், என் பெயரில் வங்கிக் கடிதம், வீட்டு எண் தெரிகிற மாதிரி இருவரும் நிற்கும் படங்கள், வீட்டுக்கு வரும் வழி வரைந்த தாள். வீட்டு உரிமையாளர் என்ற முறையில், வெளிநாட்டவர் வீட்டில் தங்குவதைத் தெரிவிக்கும் டிஎம் 30 அறிவிப்பையும் அவளே பதிந்தாள். முதலில் 90 நாள் விசா, அது முடியும் தறுவாயில் ஒரு வருட நீட்டிப்புக்கு மனு. ‘பரிசீலனையில்’ என்று 30 நாள் சாப் ஒன்று குத்துவார்கள், பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

அந்தப் பயங்கரமான போலீஸ் விசாரணையும் நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள். ஐஸ் தண்ணீர் குடித்தார்கள், எங்களை வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள், சாட்சிக்குப் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு நாங்கள் இங்கேதான் இருக்கிறோமா என்று கேட்டார்கள். அந்த அம்மாள் எங்கள் சேவல் விடிகாலையில் கூவுகிற புகாரையும் சேர்த்துச் சொல்லியது. என் மனைவிக்கு எந்த அசிங்கமும் இல்லை, முதல் நாளே முடி வெட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

கொடுத்த பணத்தில் ஒரு பாட்கூடத் திரும்பவில்லை. ரசீது கிடையாது, வாட்சப்பில் அவன் பேசிய குரல்பதிவுகள் மட்டும் இருக்கின்றன. அதை வைத்துப் போலீசில் என் மனைவி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஏற்கெனவே இவனிடமோ இவன் மாதிரி ஆளிடமோ விசா எடுத்தவர்கள், அடுத்து எல்லை தாண்டும் முன் ரீ-என்ட்ரி சாப்பைத் திறந்து பாருங்கள். சிங்கிளா மல்டிபிளா என்று அதிலேயே இருக்கும். சிங்கிள் தீர்ந்திருந்தால் ஊருக்குக் கிளம்பாதீர்கள். குடிநுழைவு அலுவலகத்தில் டிஎம் 8 பாரம், ஒரு படம், 3,800 பாட் கொடுத்து மல்டிபிள் எடுத்துவிட்டுப் போங்கள். வங்கிப் புத்தகத்தையும் எந்திரத்தில் பதிந்து, மனைவியை வாசிக்கச் சொல்லுங்கள்.