ஐந்து ஆண்டா, இரண்டு ஆண்டா?

தேக்கா காப்பிக்கடையில் காற்பந்து பார்க்கும்போதெல்லாம் எங்கள் மேசையில் இதே வாக்குவாதம்தான்: தற்காப்பு ஆட்டக்காரருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் தருவது? 2025இல் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு 24 வயது சாலிபாவை 2030 வரை ஒப்பந்தம் செய்தது. லிவர்பூல் 33 வயது வான் டைக்குக்கு இரண்டே ஆண்டுதான் நீட்டித்தது.

என் மனம் நீண்ட ஒப்பந்தத்தின் பக்கம். கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் ஆட்டக்காரர் வேறு நாட்டுக் குழுவோடு தாராளமாகப் பேசலாம். ஒப்பந்தம் முடிந்து அவர் போனால் பழைய குழுவுக்குக் காசு எதுவும் கிடைக்காது. 1995இல் போஸ்மன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பின் விளைவு அது. அப்புறம், தற்காப்பு ஒரு கூட்டு வேலை. பக்கத்தில் நிற்பவர் எப்போது முன்னேறுவார், எப்போது பின்வாங்குவார் என்பது சேர்ந்து ஆடி ஆடித்தான் பிடிபடும்.

குறுகிய ஒப்பந்தத்தில் சம்பளச் சுமை குறைவு, சரி. முழங்கால் போனாலும் குழு தாங்கிக்கொள்ளும். முப்பதைத் தாண்டியவருக்கு அதுவே நியாயம். இளைஞருக்கு வேண்டவே வேண்டாம்.