1,18,000 ரூபாய் கொடுத்து சத்தம் மட்டும் வாங்கினேன் - ஏடிவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள்

என் ஏடிவியை ட்யூன் செய்து தருகிறேன் என்று காசு வாங்கின கடைக்காரன் இன்று காலை என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டான். ஒரு மாதத்துக்கு மேலாக "பேசித் தீர்த்துக்கலாம்" என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். இனி முடியாது. போனது 1,18,000 ரூபாய். எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

கடை பெயரைப் போட மாட்டேன். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ஏற்கெனவே மிரட்டியிருக்கிறான். கேரளாவில் கடலோரப் பக்கம், ஹைவேயை ஒட்டி, பைக், ஜீப், ஏடிவி (மண் பாதையில் ஓட்டுகிற நாலு சக்கர பைக்) எல்லாவற்றுக்கும் "ரேஸ் ட்யூன்" செய்து தருகிற கடை. கண்ணாடி ஷோகேஸ், ஏசி ரூம், வாராவாரம் வீடியோ. இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

எனக்கு ஊர் கம்பம். மெட்டு ஏறி செக்போஸ்ட் தாண்டினால் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தை ஒட்டி மூன்று ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். பின்னால் இருக்கிற சரிவில் மண் டிராக் வெட்டி, வருகிறவர்களுக்கு ஏடிவி சவாரி. இரண்டு வண்டி சின்ன 110 சிசி, குழந்தைகளுக்கு. மூன்றாவதுதான் என் செல்லம்: ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 இஎக்ஸ். ஒரு எஸ்டேட் முதலாளியிடம் இரண்டாம் கையாக வாங்கியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 1999இல் வந்த மாடல். காற்றில் ஆறுகிற ஒற்றை சிலிண்டர், 397 சிசி, கார்ப்ரேட்டர் வண்டி. 2005 மாடலிலிருந்துதான் ரிவர்ஸ் கியரே உண்டு. என்னுடையது அதற்கு முந்தியது. தள்ளித்தான் திருப்ப வேண்டும். ஆனாலும் உழைப்பாளி. ஏழு வருஷத்தில் என்னை நடுவழியில் விட்டதே இல்லை.

குறை ஒன்றுதான், மேலே இழுவை பத்தவில்லை. உயரம் போகப் போக காற்றின் அடர்த்தி குறையும், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் என்ஜின் பவரில் சுமார் 3 சதவீதம் போய்விடும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான ஆள் ஏறினால் கடைசி ஏற்றத்தில் முனகும். அதற்குத்தான் இந்தக் கடையைத் தேடிப் போனேன். இந்த ஏடிவிக்கு ரோட்டில் ஓடப் பதிவு கிடையாது, அதனால் குட்டியானை பிடித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். போகவர வாடகை மட்டும் 11,000. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நான் எப்படி நம்பினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நான் ஏமாளி இல்லை, ஏலக்காய் ஏலத்தில் நின்று வியாபாரம் பார்த்தவன்.

போனதும் கட்டன் சாயா, பழம்பொரி. முப்பது வயசுப் பையன், நல்ல தமிழ். "அண்ணா, உங்களுக்கு என்ன வேணும், டாப் ஸ்பீடா, இழுவையா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே பாதி விழுந்துவிட்டேன், ஏனென்றால் எல்லாரும் ஸ்பீடைத்தான் பேசுவார்கள். நான் வீடியோ பார்த்து ஒரு லிஸ்ட் எழுதிப் போயிருந்தேன். அதில் இக்னிஷன் பெட்டி ஒன்று, 12,000 ரூபாய். அவன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான். "இது வேண்டாம்ணா, காசு வேஸ்ட். உங்க டிராக்குக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல." வியாபாரி ஒருத்தன் தானாக 12,000 ரூபாயை வேண்டாம் என்கிறான்! நான் உருகிப்போனேன்.

அப்புறம் ஷோகேஸைத் திறந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் கையில் வைத்தான். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்துச் செய்த) பிஸ்டன், விட்டம் 89 மில்லிமீட்டர். என் வண்டியில் இருப்பது 85 மில்லி. பளபளவென்று, தலை கொஞ்சம் மேடாக. பிஸ்டன் பின் (குறுக்குக் கம்பி) போகிற துளைக்குப் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி பிறை வடிவில் ஒரு கோடு இருந்தது, விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். "இதுதாண்ணா உங்க வண்டிக்குள்ள போகப்போகுது. 440 கிட். ஒண்ணும் பேடிக்கண்டா." பயப்பட வேண்டாமாம். கணக்குப் போட்டால் 435 சிசிதான் வரும், 440 என்பது சும்மா பேச்சு வழக்கு என்று அவனே சொன்னான். அந்த நேர்மைக்கும் சேர்த்து ஒரு சலாம் போட்டேன்.

பிஸ்டன் கிட், போரிங் (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்குவது), புது கேம் ஷாஃப்ட் (வால்வைத் திறக்கிற தண்டு), சைலன்சர், ஜெட் (கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளை) மாற்றி ட்யூனிங், கூலி எல்லாம் சேர்த்து 1,18,000. அட்வான்ஸ் 60,000 அங்கேயே ஜிபே செய்தேன். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும்ணா, நமக்குள்ள எதுக்கு?" ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். கடை பெயர் இல்லை, தேதி இல்லை. நானும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜூனில் கொடுத்தது, மழைக்காலம், எப்படியும் டிராக் மூடித்தான் கிடந்தது. பதினைந்து நாள் என்றவன் ஜூலைக் கடைசியில் கூப்பிட்டான். மீதி 58,000 கட்டி வண்டியை எடுத்தேன். ஸ்டார்ட் செய்தால் என்ன சத்தம்! மலையே எதிரொலித்தது. ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் புலி மாதிரி இருந்தது. இருந்ததா, இருந்த மாதிரி தோன்றியதா? சைலன்சரைத் திறந்துவிட்டால் எந்த வண்டியும் புலிதான். "சாதா பெட்ரோலே போதுமா?" என்று கேட்டேன். "தாராளமா" என்றான். பின்னால் யோசித்தால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை. கம்ப்ரஷன் கூட்டின பிஸ்டன் உள்ளே இருந்தால்தானே உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் வேண்டும்!

ரன்னிங்-இன், அதாவது புது பிஸ்டன் படியட்டும் என்று இரண்டு வாரம் மேலே மெதுவாகத்தான் ஓட்டினேன். ஆவணி முதல் ஞாயிறு, தேனி மாவட்டத்துக் கூடலூர் பக்கம் மச்சினனின் தென்னந்தோப்புக்குக் கீழே கொண்டுபோனோம். மச்சினன்தான் ஓட்டினான். வாய்க்கால் ஓரம் நேரான வண்டிப்பாதை, முழு ஆக்ஸிலேட்டர். பாதி தூரத்தில் சத்தம் சட்டென்று அறுந்தது. பின் ஆக்சில் ஒற்றைத் தண்டு இல்லையா, இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பியது. அவன் கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தான், இல்லாவிட்டால் தென்னையில்தான் போய் மோதியிருப்பான். ஓடிப்போய்ப் பார்த்தால் என்ஜினிலிருந்து சுட்ட இரும்பு வாடை. கிளட்சைப் பிடித்துத்தான் தள்ளினோம்.

தேனியில் போரிங் போடுகிற லேத் அண்ணனிடம் கொண்டுபோனேன். முப்பது வருஷ அனுபவம், வாயைத் திறக்க மாட்டார். முதலில் பிளக்கைக் கழற்றினார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. "பெட்ரோல் பத்தாம ஓடியிருக்கு" என்றார். கார்ப்ரேட்டரைத் திறந்தால் கம்பெனி ஜெட் அப்படியே இருக்கிறது. ஏர்பாக்ஸ் (காற்று ஃபில்டர் இருக்கிற பெட்டி) மூடியைக் கழற்றியிருக்கிறான், சைலன்சரைத் திறந்துவிட்டிருக்கிறான், காற்று தாராளமாக உள்ளே போகிறது, ஆனால் அதற்கேற்ற பெட்ரோல் கொடுக்கிற ஜெட்டை மாற்றவே இல்லை. மலையில் காற்று லேசு என்பதால் கோளாறு பாதி மறைந்து கிடந்தது. கீழே பள்ளத்தாக்குக்கு வந்ததும், காற்று கனமானதும், முழு ஆக்ஸிலேட்டரில் வெந்துவிட்டது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஆயில் துளிகூட இல்லை, தோட்டத்துச் செம்மண் கார்ப்ரேட்டர் வாய் வரைக்கும் அப்பியிருந்தது.

அப்புறம் சிலிண்டரைத் தூக்கினார். பிஸ்டன் பக்கவாட்டில் உழுத வயல் மாதிரி கோடு கோடாக இழுத்துக் கிடந்தது. தலையில் ஒட்டியிருந்த கரியைத் துணியால் துடைத்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டார்ச் அடித்துக் காட்டினார்.

0.50.

89 மில்லி இல்லை. சாதா ஓவர்சைஸ் பிஸ்டன், கம்பெனி அளவைவிட அரை மில்லி கூட. அதாவது 85.5. கேஜ் வைத்தும் அளந்து காட்டினார். 435 சிசி என்று காசு வாங்கிக்கொண்டு எனக்குக் கொடுத்தது 402 சிசி. ஐந்து சிசிக்கு 1,18,000 ரூபாய்! கேம் ஷாஃப்டும் பழையதே, மேட்டில் இருந்த பழைய தேய்மானக் கோடுகூட மாறவில்லை. "ஃபோர்ஜ்டு போட்டிருந்தா காலைல ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணுறப்ப கொஞ்சம் டக்டக்னு கேக்கும் தம்பி. கேட்டுச்சா?" என்றார். சூட்டில் அதிகம் விரிகிற பிஸ்டன் என்பதால் அதற்கு இடைவெளி கூட விடுவார்களாம். அப்படி எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

இனி போன் கதை. முதல் நாள்: "அய்யோ அண்ணா, மெக்கானிக் லீவு, நாளைக்கு விளிக்காம் (கூப்பிடுகிறேன்)." மறுநாள் விளிக்கவில்லை. மூன்றாம் நாள்: "ஆயில் பாத்தீங்களா? ஆயில் இல்லாம ஓட்டியிருப்பீங்க." இந்த வண்டி டிரை சம்ப், ஆயில் தனி டாங்கில் நிற்கும். என்ஜினைச் சில நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு, நிறுத்தின கையோடு அளவு பார்க்க வேண்டும். ஆறிப்போன பிறகு பார்த்தால் தப்பாகக் காட்டும். ஏழு வருஷமாக நான் அப்படித்தான் பார்க்கிறேன், அன்று காலையும் பார்த்தேன். இதைச் சொன்னதும் லைன் கட். அடுத்த வாரம்: "ஓணம் கழிஞ்ஞு நோக்காம்." ஓணம் முடிந்தது. பிஸ்டன் போட்டோ அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ், ஏழே செகண்ட்: "ரேசிங் பார்ட்ஸுக்கு வாரண்டி கிடையாதுண்ணா, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்." ரேசிங் பார்ட்ஸ் போட்டவன் பேசுகிற பேச்சு அது! நேரில் வருகிறேன் என்றேன். "வாங்க, ஆனா வந்து சத்தம் போட்டா போலீஸ்தான்." கடைசியாக இன்று காலை, "பாதிப் பணமாவது கொடு" என்று எழுதினேன். டிபி மறைந்துவிட்டது.

உத்தமபாளையத்தில் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கேரளாவுக்கு அலைய வேண்டாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். சந்தோஷமாக இருந்தது. அடுத்த கேள்வி: "பில் எங்கே?" துண்டுச் சீட்டை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு இருக்கிறதே, முயற்சி செய்யலாம், ஆனால் தொழிலுக்கு ஓட்டின வண்டி என்று எதிர்த்தரப்பு வாதம் வைக்கும், சுயதொழில் பிழைப்புக்குத்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டும் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பார்ப்போம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மத்தியானம் அக்கா மகன் அவன் போனில் அந்தக் கடையின் புது வீடியோவைக் காட்டினான். வேறு யாரோ ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், கையில் பிஸ்டனை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஸ்டன் பின் போகிற துளையை ஒட்டி அதே பிறைக் கீறல். எத்தனை பேர் கையில் ஏறி இறங்கியதோ அந்தப் பிஸ்டன்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், என்ன மாடிஃபை செய்யலாம், எது கூடாது என்று. இப்போது கை நடுங்குகிறது, அதனால் சுருக்கமாக. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கழற்றின பழைய பிஸ்டன், ரிங், கேம், ஜெட் எல்லாவற்றையும் பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரை மூடுமுன் கேஜ் வைத்து அளப்பதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். சைலன்சரையோ ஏர்பாக்ஸையோ தொட்டால் ஜெட் மாற்றியே ஆக வேண்டும், அதுவும் நீங்கள் ஓட்டுகிற உயரத்தில் வைத்து, பிளக் நிறம் பார்த்து. ஃபில்டருக்கு ஆயில். சத்தத்தை நம்பாதீர்கள்.

லேத் அண்ணன் 1.00 சைஸ் பிஸ்டன் கிடைத்தால் போர் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உறை) போட வேண்டியதுதான் என்கிறார். ஸ்டாண்டர்டு ஏர்பாக்ஸ் மூடி யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள். என்னுடையதையும் அவன் திருப்பித் தரவில்லை.