கேசிஎன்க்யூ1ஓடி1 Vs யூபிஇ3ஏ-ஏடிஎஸ்: எது எப்படி அமுக்குது?
ரெண்டுமே அப்பா கிட்டருந்து வந்த குரோமோசோம்ல மட்டும் ஓடுற, புரோட்டீன் எதுவும் தராத நீள ஆன்டிசென்ஸ் ஆர்என்ஏ (ஜீனோட எதிர் இழைலருந்து படியெடுக்குற ஆர்என்ஏ) தான், ஆனா ஆள் வேற வேற. 11வது குரோமோசோம்ல இருக்குற கேசிஎன்க்யூ1ஓடி1 சுமார் 91,000 பேஸ் நீளம், அக்கம்பக்கத்து ஜீன் பலதையும் சேர்த்து அமுக்கிடும், அதாவது வேலை செய்யாம அணைச்சிடும். அம்மா கிட்டருந்து வந்த காப்பில மெத்திலேஷன் (இத அணைச்சு வைக்குற வேதிக் குறி) போயிட்டா அங்கயும் இது ஓட ஆரம்பிச்சு, வளர்ச்சிக்கு பிரேக் போடுற சிடிகேஎன்1சி ஜீன் அடங்கி பெக்வித்-வீடமன் சிண்ட்ரோம் (குழந்தை அளவுக்கு மீறி வளருற நோய்) வரும், அதுல கிட்டத்தட்ட பாதி கேஸ் இப்படித்தான்.

15வது குரோமோசோம்ல இருக்குற யூபிஇ3ஏ-ஏடிஎஸ், நியூரான்ல (நரம்பு செல்) மட்டும் அப்பாவோட யூபிஇ3ஏ ஜீன அடக்குது. அதனால அம்மா காப்பி கெட்டுப்போனா ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் (மூளை வளர்ச்சிய பாதிக்குற மரபணு நோய்), ஸ்பேரா அப்பா காப்பி வீட்லயே இருந்தும் பூட்டிக் கிடக்கு பாருங்க. எனக்கு இதுதான் சுவாரஸ்யம், ஏன்னா அந்த ஆர்என்ஏவ அறுத்து விட்டா பூட்டு திறக்குதுன்னு எலில காட்டிட்டாங்க, மனுஷங்க கிட்டயும் ட்ரையல் வரைக்கும் வந்தாச்சு.