ஓகரா, பேட்டில்டெக்கா? ஒத்தைப் புலிக்கே என் ஓட்டு

எங்கள் மாடியில் ஞாயிறு மதியம் என்றால் கேரம்தான். வியாசர்பாடியில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் நாலு பேரில் இரண்டு பேரே எப்போதும் ஜெயித்துக்கொண்டிருந்தால் மீதி இரண்டு பேருக்கு வேறு ஏதாவது வேண்டியிருக்கும். அந்த மீதி இரண்டு பேர் நானும் என் அக்கா மகனும். அப்படித்தான் மேஜைமேல் வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை வாங்கலாம் என்று கிளம்பினோம். ஓகரா பேட்டில்டெக்கா என்று இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் காசு கொடுத்தது ஓகருக்கு. பேட்டில்டெக் பெட்டி பெரம்பூரில் நண்பன் வீட்டில் இருக்கிறது, அங்கே போய் ஐந்து ஆட்டம் ஆடியிருக்கிறேன். ஆக இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வாங்கியவன் பேச்சு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஓகர் 1977ல் வந்தது, உருவாக்கியவர் ஸ்டீவ் ஜாக்சன் என்ற அமெரிக்கர், அன்றைக்கு 2.95 டாலருக்கு விற்ற சின்னப் பொட்டலம். இந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நடக்கும் போர். ஒரு பக்கம் உள்ளே ஆளே இல்லாத, தானே யோசித்துச் சண்டை போடும் ராட்சச டாங்கி, ஒன்றே ஒன்று. எதிர்ப்பக்கம் சாதாரண டாங்கிகளும் பீரங்கிகளும் காலாட்படையும் கொண்ட ஒரு முழுப் படை. பேட்டில்டெக் 1984ல் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வந்தது. டிராய்ட் என்ற சொல்லுக்கு ஸ்டார் வார்ஸ் படக் கம்பெனியான லூகாஸ்ஃபிலிம் உரிமை கொண்டாடியதால் அடுத்த வருஷமே பெயர் மாறியது. அதில் 20 டன்னிலிருந்து 100 டன் வரை எடையுள்ள நடக்கும் இயந்திரங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மனிதன்.

மூன்றாவதாக, பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000 பற்றியும் யோசித்தோம், பொய் சொல்லக்கூடாது. ஒரு படை சேர்க்கும் செலவையும், ஒவ்வொரு பொம்மையாக உட்கார்ந்து பெயின்ட் அடிக்கும் வேலையையும் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். போதாததற்கு அந்தக் கதை உலகத்தில் சுயமாக யோசிக்கும் இயந்திரம் தடை செய்யப்பட்ட பாவம். எனக்கு வேண்டியதே அந்தப் பாவம்தான்.

விலையில் ஓகருக்குத்தான் வெற்றி, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அழகில் பேட்டில்டெக், அதுவும் தெளிவு. அந்த பிளாஸ்டிக் இயந்திரங்களைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஓகரில் எல்லாம் அட்டைத் துண்டுகள். மே மாதத்தில் எங்கள் ஏரியாவில் ஃபேனை நிறுத்திவிட்டு விளையாட முடியுமா? முதல் ஆட்டத்திலேயே என் காலாட்படை மொத்தமும் பறந்து கட்டிலுக்கு அடியில் போனது. இப்போது எல்லாத் துண்டுகளையும் சோடா மூடிமேல் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னை ஓகர் பக்கம் சாய்த்தது காசும் இல்லை அழகும் இல்லை, கணக்கு எழுதும் வேலை. ஆட்டம் நடக்கும்போது யார் எவ்வளவு அடிபட்டார்கள் என்று தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டுமே, அதைச் சொல்கிறேன்.

பேட்டில்டெக்கில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள். தலை, நெஞ்சு, இரண்டு விலா, இரண்டு கை, இரண்டு கால் என்று எட்டு பாகம், முதுகுப்பக்கக் கவசம் தனி. இதோடு சூடு கணக்கு வேறு. துப்பாக்கி சுட்டால் சூடு ஏறும், ஓடினால் ஏறும், அளவு 30 ஆனால் இயந்திரம் தானாக அணைந்துவிடும். உள்ளே இருக்கும் ஆளுக்கும் தனியாக அடி எழுத வேண்டும், அவன் மயக்கம் போட்டு விழலாம். ஆளுக்கு நாலு இயந்திரம் வைத்தால் மேஜைமேல் எட்டுத் தாள். பெரம்பூரில் ஆடிய ஐந்தில் இரண்டு ஆட்டம் நாலு மணி நேரம் ஓடியும் முடியவில்லை, கடைசி ட்ரெயினைச் சொல்லித்தான் கிளம்பினேன். பழகினால் வேகம் வரும் என்கிறான் நண்பன். வரலாம். ஐந்து ஆட்டத்தில் எனக்கு வரவில்லை.

ஓகரில் தாள் ஒன்றே ஒன்று, அதுவும் புலிக்கு மட்டும்.

ஆமாம், புலி. எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் கட்டம் போட்டு ஆடிய ஆடுபுலி ஆட்டம் ஞாபகம் இருப்பவர்களுக்கு ஓகரைப் புரிய வைக்க இரண்டு நிமிஷம் போதும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடு சேர்ந்து நின்றால் புலி அடைபடும், சிதறினால் புலி தின்னும். ஓகரிலும் அதே பசிதான், ஒரு வித்தியாசத்தோடு. திண்ணைப் புலிக்குக் காயம் படாது, கடைசிவரை அதே புலி. ஓகர் அங்கம் அங்கமாகச் சாகும்.

மார்க் 3 என்ற சாதாரண ஓகரையே எடுத்துக்கொள்வோம். பெரிய பீரங்கி 1, நடுத்தர பீரங்கி 4, ஏவுகணை 2, காலாட்படையைச் சுட 8 சின்னத் துப்பாக்கி. ஆக 15 ஆயுதம், அத்தனையையும் ஒரே முறையில் வேறு வேறு குறி பார்த்துச் சுடலாம். அப்புறம் ட்ராக், அதாவது டாங்கி உருளும் சங்கிலிப் பட்டை, அதற்குத் தாளில் 45 கட்டம். 15 கட்டம் போனால் வேகம் 3லிருந்து 2 ஆகும், இன்னொரு 15 போனால் 1, மொத்தமும் போனால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். எதிரிக்கு 12 வண்டி, 20 காலாட்படை. பெரிய ஹோவிட்சர் பீரங்கி வேண்டுமென்றால் ஒன்றுக்கு இரண்டு வண்டியைக் கழித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் காப்பாற்ற வேண்டியது மறு கோடியில் இருக்கும் கட்டளை முகாம்.

இங்கேதான் ஆட்டத்தின் உயிர். ட்ராக்கைச் சுட்டால் ஆறு பக்கத் தாயக்கட்டையில் 5 அல்லது 6 விழ வேண்டும், விழுந்தால் சுட்ட வண்டியின் பலம் எவ்வளவோ அத்தனை கட்டம் போகும். அதாவது மூன்றில் ஒரு வாய்ப்பு. கனரக டாங்கியின் பலம் 4, சராசரி போட்டால் ஒரு சுடுதலுக்கு ஒன்றேகால் கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. 45 கட்டத்தையும் தீர்க்க மொத்தம் 135 பலம் செலவழிக்க வேண்டும். முதல் 15ஐ மட்டும் எடுத்து வேகத்தைக் குறைக்கவே 45 பலம். அதுவரை அந்த 15 ஆயுதமும் உங்களைச் சும்மா விடாது. ஆயுதத்தை முதலில் உடைக்கலாம் என்றால் முழு வேகத்தில் முகாமுக்குப் போய்விடும், ட்ராக்கை முதலில் அடிக்கலாம் என்றால் நின்று நிதானமாக எல்லோரையும் காலி பண்ணும். பக்கத்தில் போனால் மேலே ஏறி நசுக்கவும் செய்யும், கனரக டாங்கியை நசுக்கினால் அதற்கு 2 கட்டம் நஷ்டம், அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்கே நானும் அக்கா மகனும் பல ஞாயிறு சண்டை போட்டாயிற்று. அவன் ட்ராக் கட்சி. வரைபடத்தில் நாலு கட்டம் பாய்ந்து வந்து சுட்டு, அப்புறம் மூன்று கட்டம் பின்வாங்கும், தரைக்குமேல் மிதந்து ஓடும் வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு என் ஓகரைக் கொசு மாதிரி கடித்தே நிற்க வைத்தான் ஒருநாள்.

ஆட்டம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

இதில் சுயபுத்தி எங்கே வருகிறது என்று கேட்கலாம். அட்டைத் துண்டுக்கு மூளை இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சித்தப்பா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைபட்ட வண்டிகளில் டி-72க்கு மூன்று பேர், அர்ஜுனுக்கு நாலு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். "நாலு பேர் சேந்து ஒரு பீரங்கிய சுட்றதே பெரிய வேல. இது பதினஞ்சு சுடுதா? உள்ள எத்தினி பேருடா?" என்றார். யாருமில்லை என்றேன். அவர் கேள்வியிலேயே பதில் இருந்தது. ஆள் வைத்தால் ஒரே துண்டு ஒரு படைக்குச் சமமாக நிற்க முடியாது. பதினைந்து கையும் ஒரே புத்தியில் ஓட வேண்டும், பக்கத்தில் சின்ன அணுகுண்டு வெடித்தாலும் கலங்கக்கூடாது. ஓகர் உலகத்தில் கவசம் அவ்வளவு கெட்டி, அணுவெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும், கவசம் தாங்கினாலும் உள்ளே உட்கார்ந்த மனிதன் தாங்குவானா? தூரத்திலிருந்து ரேடியோவில் ஓட்டலாமே என்றால் அது சொல்புத்தி, அலைவரிசையை அடைத்தால் போச்சு. ஆக சுயபுத்திதான் ஒரே வழி. ஒருவருக்கு எதிராக ஒரு படை என்ற ஆட்டத்தைக் கட்ட வேண்டுமானால் ஒரு தாளும் ஒரு புத்தியும் போதும் என்பது ஜாக்சன் போட்ட கணக்கு. கணக்கு எழுதும் வேலை குறைந்ததும் அதனால்தான். கதையும் தாளும் ஒரே காரணத்தில் நிற்கின்றன.

சித்தப்பா அத்தோடு விடவில்லை. "ஆளே இல்லன்ற, ட்ராக் கயண்டா யார்டா மாட்றது?" என்று இன்னொன்றைக் கேட்டார். விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். அந்த ஆட்டத்தில் ட்ராக் போனால் போனதுதான், சண்டை நடுவில் யாரும் மாட்டுவதில்லை. அவருக்குத் திருப்தி இல்லை, எனக்கும்தான்.

அடுத்து, ஏன் சண்டை போடுகிறது. இங்கே பேட்டில்டெக் கொஞ்சம் மேலே, ஒத்துக்கொள்கிறேன். அந்த உலகத்தில் தொழிற்சாலைகள் அழிந்து, செய்யும் வித்தை மறந்துபோய், இயந்திரம் தாத்தா சொத்தாக அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கும் வருகிறது. ஓட்டுபவன் குலத்துக்காகச் சண்டை போடுவான், நிலத்துக்காக, சம்பளத்துக்காகவும் போடுவான். தோற்றால் சொத்து போய்விடும் என்று பாதியில் ஓடவும் செய்வான், நொண்டியான இயந்திரம் பின்வாங்கியே ஆக வேண்டும் என்று விருப்ப விதியே இருக்கிறது. மனிதச் சண்டை அது. ஓகருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஓகரின் முன்னோடி என்று சொல்லத்தக்க அமெரிக்க எழுத்தாளர் கீத் லாமரின் போலோ என்ற டாங்கிக் கதைகளில், 1960லிருந்து வந்தவை, டாங்கிகள் ரெஜிமென்ட் மானத்துக்காகச் சண்டை போடும், தமக்குள் பேசிக்கொள்ளவும் செய்யும். ஜாக்சனின் டாங்கி வாய் திறப்பதில்லை.

ஆனால் வெற்றி விதியைக் கவனியுங்கள். முகாமை உடைத்தால் மட்டும் போதாது, உடைத்துவிட்டு வந்த விளிம்பு வழியாகவே வெளியேறினால்தான் நல்ல வெற்றி, வெளியேறாவிட்டால் ஒப்புக்குத்தான் வெற்றி. ஒருமுறை முகாம் தூளாகி, எனக்கு ட்ராக் கட்டம் 6 பாக்கி, வேகம் 1, ஒரு நடுத்தர பீரங்கி. எதிரே அக்கா மகனுடைய காலாட்படை இரண்டு துண்டு, ஒரு ஏவுகணை டாங்கி. திரும்பிப் போகலாமா, நின்று முடிக்கலாமா? வாத்து மாதிரி நடந்து போனால் முதுகில் சுடுவான். நின்றால் தப்பிக்கும் கணக்கு போய்விடும். பத்து நிமிஷம் யோசித்தேன். அந்தப் பத்து நிமிஷமும் அந்த டாங்கியின் புத்தி நான்தான், அதற்கு உயிர்மேல் ஆசை உண்டா இல்லையா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. பேட்டில்டெக்கில் ஓட்டுபவனுக்காக யோசிப்பேன், அவன் இடத்தில் உட்கார்ந்ததில்லை. கீழே யாரோ அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வந்ததும் "மாமா, ஆறிடும் மாமா, சீக்கிரம்" என்று அவன் கத்த, திரும்பி நடந்தேன். மூன்றாவது கட்டத்தில் செத்தேன்.

யாருக்கு எது? நாலைந்து பேர், முழு நாள், அலமாரியில் அழகாக நிறுத்தி வைக்க ஆசை, ஆட்டத்துக்கு ஆட்டம் தொடரும் கதை வேண்டும் என்றால் பேட்டில்டெக்தான், யோசிக்காமல் வாங்குங்கள். தொடர்கதையாக ஆடினால் ரிப்பேர் செலவு, சம்பளம் என்று கணக்கு இன்னும் ஏறும் என்கிறான் நண்பன், அந்தப் பக்கம் நான் போனதில்லை. இரண்டே பேர், சின்ன மேஜை, சாயங்காலத்துக்குள் முடிய வேண்டும் என்றால் ஓகர்.

மார்க் 5 என்று பெரிய ஓகர் ஒன்று உண்டு, ட்ராக் 60, ஏவுகணை 6, பெரிய பீரங்கி 2. அதை இரண்டு முறைதான் ஆடினோம், இரண்டு முறையும் ஓகர்தான் ஜெயித்தது. அது ஓகரின் பலமா, நான் படையை வைத்த லட்சணமா என்று இன்னும் பத்து ஆட்டம் ஆடிவிட்டுச் சொல்கிறேன். ஓகர் தாளை மட்டும் முதலிலேயே ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள், ஒரிஜினலில் பென்சிலால் எழுதி அழித்தால் நாலாவது ஆட்டத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது.