பொதுத் தொலைக்காட்சிக்கு யார் படியளப்பது: வீட்டுக் கட்டணமா, கருவூலமா, விளம்பரமா?

கேபிள் இணைப்பை விட்டுவிட்டுத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாறிய குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பெட்டியும் டிஷ்ஷும் ஒருமுறை வாங்கியதோடு சரி. மாதச் சந்தா என்ற பேச்சே இல்லை. கேபிள் வசூலுக்கு வந்துகொண்டிருந்த தம்பி கடைசித் தவணையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "சும்மா காட்டறாங்கன்னா வேற யாரோ காசு குடுக்கறாங்கன்னுதானுங்க அர்த்தம்" என்றார். வாடிக்கை போன கடுப்பில் சொன்ன சொல்தான் என்றாலும், அதில் தவறு ஏதும் இல்லை. பொதுத் தொலைக்காட்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே, அது யாருக்காகப் பேசும் என்பதும் அமைகிறது.

இதற்கு நாடுகள் கைக்கொண்டிருக்கும் வழிகள் மூன்று. வீட்டுக்கு வீடு கட்டாயக் கட்டணம் வாங்குவது, அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து மானியம் ஒதுக்குவது, விளம்பரத்தையும் அலைவரிசை இடங்களையும் விற்றுச் சமாளிப்பது. இவற்றில் நான் முதல் வழியின் பக்கம் நிற்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரிட்டனில் பிபிசிக்காக வாங்கும் உரிமக் கட்டணத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே நடவேண்டும் என்பது என் கட்சி அல்ல.

நான் எழுதுவது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவிலிருந்து. ஆந்திரத்துச் சித்தூரை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம் என்று இரண்டு மொழிகளிலும் வாழ்கிறோம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து பார்த்தால், விளம்பரத்தை நம்பும் தொலைக்காட்சியின் குறை வேறெங்கும் விட வெளிப்படையாகத் தெரிகிறது. பார்வையாளர் கணக்கெடுப்பு தமிழ்நாடு ஒரு சந்தை, கேரளம் ஒரு சந்தை என்றுதான் பிரிக்கப்படுகிறது. சென்னையில் சோப்பு விற்பவருக்குச் சித்தூர் தாலூகாவின் தமிழ் வீடு கணக்கில் வருவதில்லை. கொச்சியில் நகை விற்பவருக்கு அந்த வீடு மலையாள அலைவரிசை பார்க்காத வீடு. இரண்டு சந்தைகளுக்கும் வெளியே நிற்பவர்களுக்காக நிகழ்ச்சி தயாரிக்க எந்த விளம்பரதாரருக்கும் காரணம் இல்லை.

ஒரே ஒரு சான்று போதும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணை வழியாக எங்களுக்கு வந்தாக வேண்டும். தண்ணீர் எப்போது திறக்கப்படும், எத்தனை நாள் ஓடும் என்பதை வைத்தே இங்கே நடவு நாளைக் குறிக்கிறோம். அந்தச் செய்தியை மலையாள அலைவரிசைகள் கேரளத்துக்குக் கிடைக்கவேண்டிய பங்கு என்ற பார்வையிலும், தமிழ் அலைவரிசைகள் பொள்ளாச்சி விவசாயியின் பார்வையிலும் சொல்கின்றன. சித்தூர்க் கடைமடையில் இருப்பவனுக்கு அவன் மொழியில் அதைச் சொல்ல ஆள் இல்லை. அதைச் சொல்வதால் யாருக்கும் பத்து ரூபாய் விளம்பரம்கூட வராது.

ஃப்ரீ டிஷ்ஷும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. 2004 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவை, இன்று 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் இடம்பிடிக்கத் தனியார் அலைவரிசைகள் மின்னணு ஏலத்தில் கோடிக்கணக்கில் கட்டுகின்றன. ஏலத்தில் இறங்குபவை பெரும்பாலும் இந்தி அலைவரிசைகள் என்பதால், எங்கள் பெட்டியைத் திறந்தால் வரிசையாக இந்தித் தொடர்களும் பக்திப் பாடல்களும் வருகின்றன. டிடி தமிழையும் டிடி மலையாளத்தையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வேற யாரோ காசு கொடுக்கிறார்கள் என்று அந்தத் தம்பி சொன்னாரே, அந்த யாரோ இவர்கள்தாம். தூர்தர்ஷன் 1976 முதல் விளம்பரம் வாங்கிவருகிறது. அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன். துணை வருமானமாக இருக்கும்வரை விளம்பரத்தால் கெடுதல் இல்லை.

அடுத்தது கருவூலம். இதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவையே: தனி வசூல் இல்லை, ஏழைக்குத் தனிச் சுமை இல்லை, ஏய்ப்பவரைத் தேடிப் போகும் வேலையும் இல்லை. ஆஸ்திரேலியா 1974-இலும், பிரான்ஸ் 138 யூரோ கட்டணத்தை ஒழித்து 2022-இலும் இந்த வழிக்கு வந்தன. இந்தியாவிலும் நடப்பது இதுதான். பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல் நடைமுறைக்கு வந்து, தூர்தர்ஷனும் வானொலியும் பெயரளவில் தன்னாட்சி அமைப்பின்கீழ் வந்தன. ஆயினும் பழைய ஊழியர்களின் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. கருவிகளைப் புதுப்பிக்க 2023-இல் ஒப்புதல் பெற்ற 2,539.61 கோடி ரூபாய்த் திட்டமும் அரசிடமிருந்தே வந்தது. ஆண்டுதோறும் கையேந்தி நிற்கும் அமைப்பு, கொடுக்கும் கையைப் பார்த்துத்தான் பேசும். எந்தக் கட்சியின் ஆட்சி என்பதற்கு இதில் சம்பந்தமே இல்லை. தூர்தர்ஷன் செய்தியை அரசுச் செய்தி என்று எங்கள் பாட்டிமார் காலத்திலிருந்தே சொல்லிவருகிறோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிளைப் பார்த்து எங்கள் ஊரில் பெருமூச்சு விட்டவர்கள் அநேகம் பேர். விலை உண்மையிலேயே மலிவு. ஆனால் ஆட்சிக்கு உவப்பில்லாத அலைவரிசைகள் அதில் பின்வரிசைக்குத் தள்ளப்படுவதாக அவ்வப்போது புகார் எழுந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இனிக் கட்டாயக் கட்டணத்துக்கு வருகிறேன். இது நமக்குப் புதியதல்ல. என் தாத்தாவின் வானொலி உரிமப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. கையடக்கமான புத்தகம், உள்ளே வானொலிப் பெட்டியின் தயாரிப்பும் எண்ணும் மையால் எழுதப்பட்டிருக்கும், ஆண்டுக்கு ஒரு முறை அஞ்சலகத்தில் 15 ரூபாய் கட்டினால், அதற்குரிய வில்லையை ஒட்டி அதன்மேல் வட்ட முத்திரை குத்தித் தருவார்கள். தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். 1980களின் நடுவில் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அந்தப் பணம் அரசின் கணக்கில் சேர்ந்து, வானொலியும் தொலைக்காட்சியும் அமைச்சகத்தின் துறைகளாகவே இருந்தன என்பதால், கட்டணம் கட்டிய மக்களுக்கு ஒலிபரப்பின்மேல் எந்தப் பிடியும் வரவில்லை. உரிமக் கட்டணம் இருந்தால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த நாற்பதாண்டுக் கால அனுபவத்தை மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனின் முறையிலும் எனக்கு உடன்பாடில்லாத பகுதி பெரிது. 2025 ஏப்ரலில் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது, பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் அதே தொகை. கட்டாமல் பார்த்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கும் குற்ற வழக்கு. பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் மாட்டிக்கொள்வதால், வழக்குக்கு ஆளாவோரில் பெண்களே பெரும்பான்மையாக இருக்கிறார்கள். கருவியை வைத்துக் கட்டணம் வாங்கினால், கருவியைத் தேடி ஆள் வரத்தான் செய்வார். கைப்பேசியிலேயே எல்லாம் பார்க்கும் காலத்தில் அந்தத் தேடலுக்குப் பொருளும் இல்லை.

இதையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றைத்தான்: கட்டணத் தொகையை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பெயர் உரிமக் கட்டணமாக இருந்தாலும், தொகையை அரசு முடிவு செய்யுமானால், அது மானியத்தின் மறுபெயர்தான். பிரிட்டனில் 2010-இல் கட்டணத்தை 145.50 பவுண்டில் நிறுத்திவைத்தார்கள். 2017 வரை அது அசையவில்லை. அதோடு நில்லாமல், அதுவரை வெளியுறவுத் துறை ஏற்றிருந்த பிபிசி உலக சேவையின் செலவையும் 2014 முதல் அந்தக் கட்டணத்தின் தலையில் கட்டினார்கள். 1941 முதல் தமிழில் பேசிவரும் பிபிசியின் தமிழ்ப் பிரிவும் அந்தச் செலவில் அடக்கம். எந்த நிகழ்ச்சியையும் தடைசெய்யாமல், எந்த ஆசிரியரையும் கூப்பிட்டு மிரட்டாமல், விலைவாசி ஏறும்போது தொகையை மட்டும் ஏறவிடாமல் பிடித்துவைத்தாலே போதும். அடுத்த பேச்சுவார்த்தை வரும்வரை அந்த நிறுவனம் அடக்கித்தான் வாசிக்கும்.

தென்கொரியா இதற்கு இன்னும் தெளிவான சான்று. அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான கேபிஎஸ்ஸுக்கு ஒரு வீடு மாதம் கட்டவேண்டிய 2,500 வோன் 1981-இல் நிர்ணயிக்கப்பட்டது. இன்றுவரை அதே தொகை. 1994 முதல் அது மின்கட்டணச் சீட்டோடு சேர்ந்து வந்ததால் வசூல் சீராக இருந்தது. 2023-இல் அரசு அந்த இணைப்பைப் பிரித்தது. 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மீண்டும் சேர்த்தது. தொகை, வசூல் இரண்டுமே அரசியலின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஜெர்மனியின் முறை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அங்கே 2013 முதல் கருவி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே யாரும் கதவைத் தட்டி வரவேற்பறையை எட்டிப் பார்ப்பதில்லை. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்கள் விலக்குப் பெறலாம். எவ்வளவு தேவை என்பதை மாநிலத்துக்கு ஒருவர் வீதம் பதினாறு பேர் கொண்ட தனி ஆணையம் கணக்குப் பார்த்துச் சொல்லும். மாநிலங்கள் அதைத் தக்க காரணமின்றி மறுக்க முடியாது. 2020 இறுதியில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் உயர்வை முடக்கியபோது, அடுத்த ஆண்டே அரசமைப்பு நீதிமன்றம் தலையிட்டு மாதக் கட்டணத்தை 18.36 யூரோவாக உயர்த்தியது. அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2025 முதல் 18.94 யூரோவாக்க ஆணையம் பரிந்துரைத்தும் மாநிலங்கள் இழுத்தடித்ததால், ஒளிபரப்பு நிறுவனங்கள் மீண்டும் நீதிமன்றப் படியேறின. ஆனால் படியேற ஒரு நீதிமன்றமும், காட்டுவதற்கு ஓர் ஆணையத்தின் கணக்கும் அவர்களிடம் இருந்தன. நான் அந்நாட்டு நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பழகியவன் அல்லன். ஆகவே அவை தரமானவையா என்பதைப் பற்றிப் பேசவில்லை, பணம் வந்துசேரும் வழியை மட்டும் சொல்கிறேன்.

வசூலைப் பொறுத்தவரை இத்தாலியின் அனுபவம் பயனுள்ளது. 113.50 யூரோவாக இருந்த ஆண்டுக் கட்டணத்தை 2016-இல் மின்கட்டணத்தோடு சேர்த்தார்கள். ஏய்ப்பு வெகுவாகக் குறைந்ததால் அந்த ஆண்டே 100 யூரோவாகவும், மறு ஆண்டில் 90 யூரோவாகவும் தொகையைக் குறைக்க முடிந்தது. எங்கள் ஊரிலும் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வாசலிலேயே அச்சாகி வருகிறது. நிலைக்கட்டணம், மின்சாரத் தீர்வை, மீட்டர் வாடகை, எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று வரிவரியாக இருக்கும் அந்தச் சீட்டில் இன்னொரு வரியைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறத்தாழ 21 கோடி என்பது 2020-இன் மதிப்பீடு. வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,520 கோடி. பல ஆண்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கருவிப் புதுப்பிப்புத் திட்டத்தின் மொத்தத் தொகைக்கு ஏறத்தாழச் சமம். வறிய வீடுகளுக்கு விலக்களித்தால் இது குறையும், குறையட்டும். கேபிளுக்கு நாங்கள் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்ததில் இது சிறு பங்குகூட இல்லை.

பார்க்காதவன் ஏன் கட்டவேண்டும் என்று கேட்பார்கள். படிக்காதவனும் நூலக வரி கட்டுகிறான் என்பதே என் பதில். தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், கேரளத்தில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ரூபாய்க்கு 10 பைசா, கேரளத்தில் 5 பைசா. எல்லையின் இரு பக்கமும் உறவுள்ளவர்களுக்கு இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் நூலகம் ஓர் அரசுத் துறை. வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் கட்டாமல் நிலுவை வைத்திருப்பது அடிக்கடி செய்தியாகிறது. கேரளத்திலோ நூலகக் கவுன்சில், இணைப்புப் பெற்ற வாசகசாலைகளின் பிரதிநிதிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு. பாதி விகிதத்தில் வரி வாங்கினாலும், அதைச் செலவிடுபவரை மாற்றும் வாக்கு எங்கள் வாசகசாலைக்கு உண்டு. தொலைக்காட்சிக் கட்டணத்தின் நிர்வாகக் குழுவும் இப்படித் தேர்தலால் அமைந்தால், சித்தூர்த் தமிழருக்கோ ஆந்திரத்து நகரி ஊர்த் தமிழருக்கோ அதில் ஓரிடம் கேட்க வழி பிறக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று கட்டும் இடத்தில், எந்தச் சந்தையிலும் சேராத வீடும் ஒரு வீடாகவே எண்ணப்படும்.

ஆனால் ஒரு நிபந்தனை இல்லாமல் இதை நான் ஆதரிக்கமாட்டேன். நம் நாட்டில் எந்தப் பெயரில் செஸ் என்னும் தனி நோக்க வரியை வசூலித்தாலும் அது முதலில் அரசின் ஒருங்கிணைந்த நிதியத்துக்குள் போகிறது. அங்கிருந்து உரிய நிதிக்கு முழுமையாகப் போய்ச்சேரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். ஜப்பானில் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கட்டணம் வீட்டுக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தமாக இருப்பதால் பணம் கருவூலத்தைத் தொடுவதே இல்லை. அந்தக் கட்டாய ஒப்பந்தம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இங்கேயும் பணம் நேராகப் போகவேண்டும், தொகையைத் தனி ஆணையம் முடிவு செய்யவேண்டும் என்ற இரண்டையும் சட்டத்திலேயே எழுதிவைக்க எந்த ஆட்சியாவது மனம்வைக்குமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவை இல்லாமல் கட்டணச் சீட்டில் ஒரு வரி மட்டும் கூடுவதாக இருந்தால், இப்போதுள்ள மானியமே மேல் என்பேன். அதிலாவது வசூல் செலவு மிச்சம்.