தூக்கியெறியும் வேப்புக்குத் தடை: அடுத்து எது?

லண்டனிலிருந்து லீவுக்கு வரும் மச்சான்மாரின் கையில் இப்போது இருப்பது சார்ஜ் பண்ணி, 'பொட்' எனும் திரவக் குப்பியைக் கழற்றி மாட்டும் வேப், அதாவது இ-சிகரெட். காரணம் சட்டம். 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் வேப்பை விற்க முடியாது. திரும்பச் சார்ஜ் பண்ணவும் முடியவேண்டும், திரும்ப நிரப்பவோ பொட்டை மாற்றவோ முடியவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தடைதான். பெல்ஜியம் அந்த வருடம் ஜனவரியிலேயே தடை போட்டது, நியூசிலாந்து ஜூனில்.

உண்மையில் இது குப்பைக்கான சட்டம். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏறக்கூடிய லித்தியம் பற்றரியை ஒரு தடவையோடு வீசுவதைத்தான் அது நிறுத்துகிறது. நிகோட்டினைத் தொடவில்லை. அவுஸ்திரேலியாவின் வழி வேறு: 2024 ஜனவரியில் தூக்கியெறியும் வேப்பின் இறக்குமதியை நிறுத்தி, ஜூலையில் வேப் விற்பனை முழுவதையும் பாமசிக்குள் தள்ளிவிட்டது. இந்தியா 2019இல் மொத்த வியாபாரத்தையும் மூடியது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். கொழும்பிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்கள் பையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே இலங்கையில்? புகையிலை கலந்த இ-சிகரெட்டை 2016 வர்த்தமானியே தடைசெய்துவிட்டது. ஆனாலும் கேட்கிற விதத்தில் கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று வரும். அதற்குள் என்ன திரவம் என்று விற்கிறவருக்கே தெரியாது.

சரி, பழகிவிட்டவர் என்ன செய்வது?

நிரப்பி வரும் பொட் பழைய வேப்பின் தம்பி. அதே வாசனை, அதே இழுவை. முடிந்ததும் பொட்டைத்தான் எறியவேண்டும், ஆனால் கருவி மலிவென்றால் பலர் அதையும் சேர்த்தே எறிகிறார்கள். எனக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

போத்தலில் வாங்கி நிரப்புவது சிக்கனம். பிரித்தானிய விதிப்படி தாங்கி 2 மில்லி, போத்தல் 10 மில்லி, ஆக ஒரு போத்தல் ஐந்து தடவைக்குக் காணும். தொல்லையும் உண்டு: திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான கொயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் கருகிய பஞ்சு வாசம் தொண்டையைப் பிடிக்கும். சிகரெட்டை விட்டவர் மறுபடி அதில் விழாமலிருக்க இது உதவும். சிகரெட்டே பிடிக்காதவருக்கு இதைத் தொட ஒரு காரணமும் இல்லை.

சிகரெட்டுக்குத் திரும்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம். புகையிலை எரியும்போது வருகிற தாரும் காபன் மொனொக்சைட்டும் வேப்பில் இல்லை.

விடத்தான் வேண்டும் என்றால் என் தெரிவு தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்சும் மெல்லும் நிகோட்டின் கம்மும் சேர்த்து. பட்ச் நாள் முழுக்க மெதுவாகக் கொடுக்கும். திடீரென்று வருகிற ஆசைக்குக் கம். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பது தனித்தனியாகப் பாவிப்பதைவிடப் பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவை வைத்தியரிடம் கேட்டே எடுங்கள்.

பலர் 'கம் சரிவரவில்லை' என்பது மெல்லுகிற முறையால். சாதாரண சூயிங்கம் போல மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். நாலைந்து தடவை மெல்லுங்கள், மிளகுக் காரம் வந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் போனால் மறுபடி மெல்லுங்கள். அரை மணித்தியாலம் அப்படியே ஓடும்.

அப்புறம், பிளேன்டீயோடு ஒன்று பற்றவைத்துப் பழகியவர் அந்த இடத்தில் கம்மைப் போடத்தான் பார்ப்பார். அது வேலை செய்யாது. தேத்தண்ணீரோ கோப்பியோ சோடாவோ குடித்த வாயில் நிகோட்டின் சரியாக ஊறாது. தேத்தண்ணீரைக் குடித்து முடியுங்கள், கால் மணித்தியாலம் விட்டுக் கம்மை எடுங்கள்.